உடலில் கரையும் கம்பியும் அதில் சேர்த்த சாயமும்: ஹெல்சிங்கி கணுக்கால் நோயாளிகள் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

கணுக்கால் எலும்பு முறிந்து இடம் விலகினால், நேராக்கி உலோகத் திருகு போட்டு இறுக்குவதுதான் பழைய வழி. எலும்பு கூடிவிட்டால் திருகின் வேலை முடிந்தது. ஆனால் அது தானாகப் போகாது. கணுக்காலில் சதைப்பற்று குறைவு என்பதால் தோலுக்கு அடியிலேயே திருகின் தலை தட்டுப்படும், செருப்பு வார் உரசும். அதனால் பலர் அதை எடுப்பதற்கென்றே இரண்டாவது முறை ஆபரேஷன் மேஜையில் படுக்க வேண்டியிருந்தது. நம் ஊரிலும் காலில் ப்ளேட் வைத்தவரைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது "எப்போ எடுப்பாங்க?" என்பதுதானே.

விறைப்பும் ஒரு தொல்லை. எஃகின் விறைப்பு சுமார் 200 ஜிகாபாஸ்கல். எலும்பின் கெட்டியான வெளிப்பகுதிக்கு அது 10 முதல் 20 வரைதான். சுமையை உலோகமே வாங்கிக்கொண்டால் பக்கத்து எலும்பு வேலையில்லாமல் மெலியும். கொஞ்ச காலம் பிடித்து வைத்து, பிறகு மெல்ல வலுவிழந்து, கடைசியில் காணாமல் போகும் ஒரு கம்பி இருந்தால் இந்த இரண்டு தொல்லைகளும் தீரும் என்ற எண்ணம் பல இடங்களில் இருந்தது. அதை நோயாளிகளிடம் பெரிய அளவில் செய்து பார்த்த இடங்களில் முக்கியமானது ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மத்திய மருத்துவமனை. கம்பிகளை உருவாக்கும் வேலையில் தம்பெரே தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பாலிமர் (சிறு மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்த பொருள்) குழு துணை நின்றது. 1984-ல் முதல் நோயாளிகளுக்கு இந்தக் கம்பிகள் வைக்கப்பட்டன.

கம்பி எதனால் ஆனது

தொடக்கத்தில் லாக்டிக் அமிலமும் கிளைக்கோலிக் அமிலமும் கலந்த கூட்டுப் பாலிமர். அப்புறம் பெரும்பாலும் பாலிகிளைக்கோலிக் அமிலம். இதைச் சுருக்கமாக பிஜிஏ என்பார்கள். அறுவை சிகிச்சை உலகுக்கு இது புதிய பொருள் இல்லை. கரையும் தையல் நூலாக 1970-களிலிருந்தே புழக்கத்தில் இருந்தது. தண்ணீர் பட்டால் அதன் சங்கிலிகள் அறுபட்டு, கடைசியில் கிளைக்கோலிக் அமிலமாகும். அதை உடல் சிறுநீரில் வெளியேற்றும், அல்லது வளர்சிதை மாற்றத்தில் எரித்து கரியமில வாயுவும் நீருமாக்கும்.

ஆனால் தையல் நூல் வேறு, எலும்பைத் தாங்கும் கம்பி வேறு. மூன்று மில்லிமீட்டர் தடிமனும் ஐந்து சென்டிமீட்டர் நீளமும் உள்ள ஒரு பிஜிஏ கம்பி என்று வைத்துக்கொள்வோம். அடர்த்தி சுமார் 1.5 என்பதால் எடை அரை கிராமுக்குச் சற்று மேல் வரும். அது முழுவதும் அறுபட்டால் கிடைக்கும் கிளைக்கோலிக் அமிலம் சுமார் 9 மில்லிமோல் (மூலக்கூறுகளின் எண்ணிக்கையை அளக்கும் அலகு), அதாவது கிட்டத்தட்ட 0.7 கிராம். நூலைச் சுற்றி ரத்த ஓட்டமுள்ள மெல்லிய திசு இருக்கும். வரும் அமிலம் அவ்வப்போது கழுவிப் போகும். எலும்பில் துளைத்த குழிக்குள் கிடக்கும் கம்பிக்கு அந்த வசதி குறைவு.

வலு சேர்க்க அந்தக் குழு செய்தது கெட்டிக்காரத்தனமான வேலை. வெளியிலிருந்து கண்ணாடி இழையோ கார்பன் இழையோ கலக்கவில்லை. அதே பாலிமரின் இழைகளையே வெப்பமும் அழுத்தமும் கொடுத்து ஒன்றோடொன்று ஒட்டவைத்தார்கள். தானே தனக்கு வலு சேர்க்கும் இந்த முறையில், வலுவுக்கென்று உடலுக்குள் போகும் அந்நியப் பொருள் எதுவும் இல்லை.

இத்தனை கவனமாகச் செய்த கம்பிகளில் ஒரு வகைக்கு நிறமும் கொடுக்கப்பட்டிருந்தது. வெளிறிய கம்பி ரத்தமும் எலும்பும் கலந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாது, எக்ஸ்ரேயிலும் தெரியாது. நூல்களுக்கு ஊதா, பச்சைச் சாயம் போடுவது ஏற்கெனவே இருந்த பழக்கம். கம்பிக்குச் சேர்த்ததும் குயினோன் என்ற வேதிக் குடும்பத்துச் சாயம்தான். அன்றைக்கு இருந்த அறிவைக் கொண்டு பார்த்தால் இது நியாயமான முடிவாகவே தெரிகிறது.

முதல் முடிவுகள்

கணுக்கால் முறிவு கொண்ட 44 பேரை உலோகத்துக்கும் கரையும் கம்பிக்கும் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்ட ஆய்வு 1985-ல் வெளியானது. எலும்பு கூடியதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கரையும் கம்பி வைத்தவர்களுக்கு எடுக்கும் ஆபரேஷன் தேவைப்படவில்லை. அடுத்து மணிக்கட்டு, முழங்கை, கை எலும்புகள் என்று பயன்பாடு விரிந்தது, எண்ணிக்கையும் ஏறியது.

ஹெல்சிங்கியில் நடந்த ஒரு காரியத்தை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். ஆபரேஷன் ஆனவர்களைத் தொடர்ந்து கூப்பிட்டுப் பார்த்து, தொந்தரவு வந்தவர்களையும் வராதவர்களையும் ஒரே கணக்கில் எழுதி வைத்தார்கள். அந்தப் பதிவு மட்டும் இல்லாவிட்டால் பின்னால் வந்தது எதுவும் சாயம் வரைக்கும் போயிருக்காது.

கவனித்தது

நோயாளி ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போய்விட்டார். கட்டுப் பிரித்தாயிற்று. எக்ஸ்ரேயில் எலும்பு கூடுகிறது. நடக்கவும் தொடங்கிவிட்டார். மூன்று மாதத்தை ஒட்டி, கம்பி போன வழிக்கு நேர்மேலே தோல் சிவந்து வீங்குகிறது. தொட்டால் உள்ளே திரவம் தளும்புகிறது. சிலருக்கு அது தானே உடைந்து புரையோடி, வெளிறிய திரவம் கசிகிறது. சிலருக்கு அந்தக் கசிவு மாதக் கணக்கில் நீள்கிறது.

பார்த்ததும் யாருக்கும் தோன்றுவது சீழ் என்றுதான். மருத்துவர்களும் முதலில் கிருமியைத்தான் தேடினார்கள். திரவத்தை எடுத்து வளர்த்துப் பார்த்தால் எதுவும் வளரவில்லை. நுண்ணோக்கியில் தெரிந்தது வேறு: சிதைந்த பாலிமர்த் துணுக்குகள், அவற்றை விழுங்க வந்த மேக்ரோஃபேஜ் உயிரணுக்கள், பல உயிரணுக்கள் ஒன்றாகச் சேர்ந்த ராட்சத உயிரணுக்கள். அந்நியப் பொருளைக் கண்ட உடல் செய்யும் அதே வேலை. சிலரின் எக்ஸ்ரேயில் கம்பி இருந்த குழியைச் சுற்றி எலும்பு அரித்து, குழி அகன்றிருந்தது.

1990-ல் வெளியான தொகுப்பில் 516 நோயாளிகள். அவர்களில் 41 பேருக்கு, அதாவது 7.9 சதவீதம் பேருக்கு, கண்ணுக்குத் தெரியும் அளவு எதிர்வினை வந்திருந்தது. சராசரியாக 12-ஆம் வாரத்தை ஒட்டி. பிஜிஏ அதற்குப் பல வாரம் முன்பே தன் வலுவை இழந்துவிடும் என்பதை இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். வலு போவதும் எடை போவதும் ஒரே சமயத்தில் நடப்பதில்லை. சங்கிலி முதலில் நடுவில் அறுபடுகிறது; கம்பி உடையத் தக்கதாகிறது, ஆனால் அங்கேயே கிடக்கிறது. துண்டுகள் கரையும் அளவுக்குச் சிறுத்த பிறகுதான் மொத்தமாக வெளியே வருகின்றன. அந்த மொத்தம்தான் மூன்றாம் மாதத்தில் வாசலைத் தட்டுகிறது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

நோயாளி அளவில் எடுத்த முடிவு எளியது. வீக்கம் சிறிதானால் ஊசி போட்டுத் திரவத்தை எடுப்பது, பெரிதானால் திறந்து துணுக்குகளைச் சுத்தம் செய்வது. கிருமி இல்லாத இடத்தில் ஆன்டிபயாடிக் கொடுத்துப் பயன் இல்லை. திறந்த புரை வழியாகப் பிறகு கிருமி புகுந்துவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும். பெரும்பாலோருக்குப் புண் ஆறியது, முறிவும் கூடியது.

கம்பி அளவில் கேள்வி கடினமானது. எல்லோருக்கும் வைத்தது ஒரே குடும்பத்துப் பாலிமர்தான். நூறில் 92 பேருக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்படியானால் மீதிப் பேருக்கு மட்டும் ஏன்? பதிவேட்டைப் பிரித்துப் பார்த்ததில் வருடங்கள் போகப்போக மூன்று காரணிகள் தெளிந்தன. ஒன்று, ரத்த ஓட்டம் குறைந்த எலும்புப் பகுதி. மற்றொன்று, பரப்பு மிகுந்த வடிவம். மரை வெட்டிய திருகு, வழவழப்பான கம்பியைவிட மோசம். மூன்றாவது, குயினோன் சாயம்.

மூன்றாவதுதான் இந்த ஆய்வை நான் எழுத எடுத்ததற்குக் காரணம். சாயத்தின் அளவு மிகச் சிறியது. பிஜிஏ தையல் நூலில் சேர்க்கும் பச்சைச் சாயத்துக்கு அமெரிக்க விதி, வழக்கமான தடிமன்களில், எடையில் 0.1 சதவீதம் என்று எல்லை வைத்திருக்கிறது. அந்த அளவிலேயே சேர்த்தாலும் நம் அரை கிராம் கம்பியில் அரை மில்லிகிராம்தான் வரும். இவ்வளவு கொஞ்சம் என்ன செய்துவிடும் என்று கேட்கத் தோன்றும். ஆனால் பாலிமர் தண்ணீரில் அறுபட்டுப் போய்க்கொண்டே இருக்க, இந்த வகைச் சாயம் தண்ணீரில் கரையாமல் அங்கேயே நிற்கும். தொடக்கத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பாலிமரில் பத்தில் ஒன்பது பங்கு போன பிறகு நூறில் ஒரு பங்கு. திசு கடைசி வாரங்களில் சந்திக்கும் குவியலில் சாயத்தின் விகிதம் ஏறிக்கொண்டே போகிறது. இது என் விளக்கம். பதிவேடு காட்டியது சாயத்துக்கும் எதிர்வினைக்கும் உள்ள தொடர்பை மட்டுமே. சாயமில்லாத கம்பி வைத்தவர்களிலும் சிலருக்கு வீக்கம் வந்தது. ஆக, மூல காரணம் பாலிமர் சிதையும் வேகம், சாயம் அதை மோசமாக்கியது என்று கொள்வதே சரி.

சாயமிட்ட வகை கைவிடப்பட்டது. நிறத்தால் கிடைத்தது ஆபரேஷன் மேஜையில் சில நிமிட வசதி. அதற்காக மூன்று மாதம் கழித்து வீக்கம் வரும் வாய்ப்பை ஏற்றிக்கொள்வதில் நியாயம் இல்லை. அதோடு, மெதுவாகச் சிதையும் பாலிலாக்டிக் அமிலத்தை, அதாவது பிஎல்ஏவை, அதே தன்வலு முறையில் செய்து பயன்படுத்துவதும் கூடியது. அமிலம் மெதுவாக வந்தால் உடல் அதைக் கழுவிவிடும் என்பது கணக்கு.

பின்விளைவு

2000-ல் வெளியான பெரிய தொகுப்பில் 2528 நோயாளிகள். பிஜிஏ வைத்த 2037 பேரில் 107 பேருக்கு எதிர்வினை, 5.3 சதவீதம். சராசரியாக 11-ஆம் வாரம். பிஎல்ஏ வைத்த 491 பேரில் ஒருவருக்கு மட்டும், அதுவும் 4.3 ஆண்டு கழித்து.

இதைப் படித்துவிட்டு பிஎல்ஏ வென்றுவிட்டது என்று முடிவு கட்டத் தோன்றும். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் 10 பேருக்குக் கன்ன எலும்பு முறிவுக்காகப் படிகத்தன்மை மிகுந்த எல்-வகை பிஎல்ஏ தகடும் திருகும் வைத்தார்கள். எலும்பு நன்றாகக் கூடியது. மூன்று ஆண்டு கழித்துச் சிலர் கன்னத்தில் வீக்கத்தோடு திரும்பி வந்தார்கள். 5.7 ஆண்டு ஆன பிறகும் அந்தப் பாலிமர் முழுதாகக் கரையவில்லை. ஊசி போன்ற நுண்ணிய படிகத் துணுக்குகள் உயிரணுக்களுக்குள் கிடந்தன. வேகத்தைக் குறைத்ததால் தொந்தரவு 11 வாரத்திலிருந்து ஆண்டுக் கணக்குக்குத் தள்ளிப்போனது. எத்தனை பேருக்கு என்பதைச் சொல்ல நீண்ட காலம் தொடர்ந்து பார்த்தால்தான் முடியும். ஹெல்சிங்கியின் பிஎல்ஏ எண்ணையும் அந்த எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும்.

பிஜிஏ தரப்பிலும் கணக்கு வீக்கத்தோடு முடியவில்லை. கணுக்கால் முறிவுக்கு பிஜிஏ வைத்த 1223 பேரைப் பின்தொடர்ந்ததில் 74 பேருக்கு எதிர்வினை வந்திருந்தது. அந்த 74 பேரில் 10 பேருக்கு, எலும்பு சரியான இடத்தில் கூடியிருந்தும், பின்னாளில் மூட்டுத் தேய்மானம் வந்தது. அரித்த குழி மூட்டுக்குள் திறந்து, பாலிமர்த் துணுக்குகள் குருத்தெலும்பு வரை போனதே காரணம் என்று கருதப்பட்டது. ஊசி போட்டுத் திரவம் எடுத்து, ஆறிவிட்டது என்று எழுதிய சிலரின் கோப்பு, உண்மையில் அப்போது மூடப்பட்டிருக்கக் கூடாது.

இரண்டாம் சுற்று: அமிலத்தை அடக்கும் சேர்மானங்கள்

சாயம் தற்செயலாகக் கெடுத்த சேர்மானம். அடுத்து வந்தவர்கள் வேண்டுமென்றே நல்லது செய்யும் சேர்மானங்களைத் தேடினார்கள். பாலிமர் அறுபடும்போது வரும் அமிலத்தை அங்கேயே சமன் செய்யும் கால்சியம் தாதுக்கள் இயல்பான தேர்வு: கால்சியம் கார்பனேட், ட்ரைகால்சியம் பாஸ்பேட், ஹைட்ராக்ஸிஅபடைட். மூன்றும் எலும்புக்கு அந்நியமில்லாதவை. எக்ஸ்ரேயிலும் ஓரளவு தெரியும் என்பதால் சாயத்தின் வேலையில் பாதியைச் சாயமில்லாமலே முடித்துவிடுகின்றன. ஜப்பானில் சுடாத ஹைட்ராக்ஸிஅபடைட் தூளை எடையில் 30 முதல் 40 சதவீதம் வரை பிஎல்ஏவில் கலந்து, அழுத்தி வடித்த திருகுகளும் தகடுகளும் செய்தார்கள்.

எவ்வளவு கலக்க வேண்டும் என்பதில்தான் சூட்சுமம். நம் அரை கிராம் பிஜிஏ கம்பியின் 9 மில்லிமோல் அமிலத்தை முழுதாகச் சமன் செய்ய 4.5 மில்லிமோல் கால்சியம் கார்பனேட் வேண்டும், எடையில் சுமார் 0.45 கிராம். அதாவது பாலிமருக்கு ஏறக்குறைய சம எடை. அவ்வளவு தாது கலந்தால் கம்பி சுண்ணாம்புக் கட்டி போல் நொறுங்கும். ஆகவே பாதி வழியில் நிற்க வேண்டியிருக்கிறது.

அப்படி நின்ற ஒன்றின் கதையும் இங்கே பொருந்தும். முழங்கால் தசைநார் சீரமைப்புக்கென்று ஒரு திருகு வந்தது: 65 சதவீதம் லாக்டிக்-கிளைக்கோலிக் கூட்டுப் பாலிமர், 35 சதவீதம் கால்சியம் கார்பனேட். பாலிமரில் லாக்டிக் 85, கிளைக்கோலிக் 15 என்ற விகிதம். கணக்குப் போட்டால் வரக்கூடிய அமிலத்தில் முக்கால் பங்கை அந்தக் கார்பனேட் சமன் செய்யும். காகிதத்தில் அழகான வடிவமைப்பு. நோயாளிகளில் சிலருக்கு முழங்காலுக்குக் கீழே, கணைக்காலின் முன்பக்கம், திருகுக்கு நேர்மேலே வீக்கம் வந்தது. 2007-ல் தயாரிப்பாளரே அதைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றார்.

அமிலத்தைச் சமன் செய்தும் ஏன் வீக்கம்? தாதுத் துகள்கள் நீரை ஈர்க்கும், பாலிமருக்கும் துகளுக்கும் இடையே நீர் போக வழி திறக்கும். துகள் கரைந்த இடம் ஓட்டையாகும். அமிலத்தன்மை குறைந்தாலும் பரப்பு கூடுகிறது, துணுக்குகள் சீக்கிரம் உதிர்கின்றன. ஹெல்சிங்கி பதிவேட்டில் பரப்பு மிகுந்த திருகு மோசம் என்று இருந்ததை இதோடு வைத்துப் பார்க்கலாம். பிஎச் (அமிலத்தன்மையின் அளவு) மட்டும் பார்த்த வடிவமைப்பு, துணுக்குகளைக் கணக்கில் எடுக்கவில்லை என்பது என் கணிப்பு.

மாற்றிச் செய்ய வேண்டியவை

இன்று ஒரு குழு இதே வேலையைத் தொடங்கினால் முதலில் மாற்ற வேண்டியது சோதனைக் குடுவை. 37 டிகிரியில் பிஎச் 7.4 பாஸ்பேட் கரைசலில் மாதிரியைப் போட்டு, கரைசலை அவ்வப்போது மாற்றி, எடையும் வலுவும் மூலக்கூறு எடையும் (சங்கிலிகளின் நீளத்தைக் காட்டுவது) அளப்பது வழக்கமான முறை. எல்லோரும் செய்கிறார்கள், செய்யத்தான் வேண்டும். ஆனால் அந்தக் குடுவையில் அமிலம் தேங்க இடமே கொடுப்பதில்லை. கரைசல் ஏராளம், அதையும் மாற்றிவிடுகிறோம். எலும்புக் குழியில் இருப்பது அதற்கு நேர்மாறான நிலை. எனவே அதே மாதிரியைக் கொஞ்சமே கரைசலில், மாற்றாமல், சுண்ணாம்புக் குழாய்க்குள் வைத்தும் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

அடுத்தது, பொருள் உயிரணுக்களுக்கு நச்சா என்று பார்க்கும் சோதனை. புதுக் கம்பியை ஊறவைத்த சாற்றில் ஓரிரு நாள் உயிரணுக்களை வளர்த்தால், பிஜிஏவும் தேறும், சாயமிட்ட பிஜிஏவும் தேறும். தொந்தரவு 11-ஆம் வாரத்துப் பொருளில் இருக்கிறது. பாதி சிதைந்த, முக்கால் சிதைந்த மாதிரிகளின் துணுக்குகளை மேக்ரோஃபேஜ் உயிரணுக்களிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும். சேர்மானம் உள்ளது ஒன்று, இல்லாதது ஒன்று, சேர்மானம் மட்டும் தனியே ஒன்று. மூன்றாவதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

தயாரிப்புத் தளத்தில் ஒன்று உண்டு. படிப்பவர்களில் கலவை இயந்திரம் ஓட்டுகிறவர்களுக்கு இது தெரிந்திருக்கும். காயாத தாதுத் தூளைப் பிஎல்ஏவோடு 180 டிகிரிக்கு மேல் உருக்கினால், உடலுக்குள் நடக்க வேண்டிய அறுபடல் இயந்திரத்துக்குள்ளேயே தொடங்கிவிடும். காரத்தன்மையுள்ள கார்பனேட்டில் இது இன்னும் வேகம். அதன் மேல் 25 கிலோகிரே காமாக் கதிரில் கிருமி நீக்கம் செய்தால் மூலக்கூறு எடை மறுபடி இறங்கும். ஆகவே மூலப்பொருளின் சான்றிதழில் உள்ள மூலக்கூறு எடையை வைத்துக் கரையும் காலத்தைக் கணித்தால் தப்பாகத்தான் வரும். கலந்த பிறகு, வடித்த பிறகு, கதிர் காட்டிய பிறகு என்று ஒவ்வொரு கட்டத்திலும் அளந்து, கடைசி எண்ணிலிருந்து தொடங்க வேண்டும்.

சிகிச்சை தரப்பில், பின்தொடரும் காலத்தை எலும்பு கூடுவதோடு கட்டக் கூடாது, பாலிமர் முழுதும் போகும் வரை நீட்ட வேண்டும். படிகத்தன்மை மிகுந்த பிஎல்ஏ என்றால் ஐந்து ஆண்டுக்கும் மேல். தாது கலந்தது என்றால் பாலிமர் போன பின் தாது எலும்பாக மாறுகிறதா, துகளாகவே கிடக்கிறதா என்று அதற்குப் பிறகும் ஒரு எக்ஸ்ரே. நோயாளியிடம் முதல் நாளே ஒரு வார்த்தை: மூன்று மாதம் கழித்தோ மூன்று ஆண்டு கழித்தோ அந்த இடம் வீங்கினால், வேறு மருத்துவமனையில் சீழ் என்று கீறிவிடும் முன், உள்ளே கரையும் கம்பி இருந்தது என்று சொல்லுங்கள்.

நிறம் வேண்டும் என்று கேட்கும் மருத்துவர்களின் தேவை இன்னும் இருக்கத்தான் செய்கிறது. அதைக் கம்பிக்குள் கலந்து தீர்க்க வேண்டியதில்லை. கம்பியைப் பிடித்துச் செலுத்தும் கருவியின் முனைக்கும் ஆழம் காட்டும் கோட்டுக்கும் நிறம் பூசலாம். ஆபரேஷன் முடிந்ததும் அது வெளியே வந்துவிடும்.